இரண்டாவது வளைவு

லைசென்ஸ் தேர்வில் நாலாவது முறையும் எட்டின் இரண்டாவது வளைவில்தான் மூத்தவளின் இடது கால் தரையைத் தொட்டது. தொட்டது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். செருப்பின் நுனி மண்ணை ஒரு தரம் உரசியது, அவ்வளவுதான். ஆனால் ஆய்வாளருக்கு அதற்கென்றே அமைந்த கண்கள். நாற்காலியை விட்டு எழாமல் பேனாவால் காற்றில் ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்; அவளுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். இஞ்சினை அணைத்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தள்ளும்போது மட்டும் அது சொன்ன பேச்சைக் கேட்டது.

வாசலில் ஓரகத்தி நின்றிருந்தாள். கொழுந்தனின் மனைவி. மூத்தவளைவிட ஒன்பது வயது இளையவள், அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "பரவால்லக்கா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். போன தடவையும் இதையேதான் சொன்னாள். பிறகு வண்டியை வாங்கி, ஒரே உதையில் கிளப்பி, ஏறச் சொல்லித் திரும்பிப் பார்த்தாள். லைசென்ஸ் இல்லாதவர் மைதானத்துக்கு வெளியே வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டால் அடுத்த தேர்வுக்கே விடமாட்டார்கள். ஆகவே வருவதும் தோற்றுவிட்டுத் திரும்புவதும் இளையவளின் முதுகுக்குப் பின்னால்தான். மூத்தவளுக்கு முழங்கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அது முன்னால் இருப்பவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஓர் அங்குலம் தள்ளியே உட்கார்ந்தாள்.

நடுங்குகிற ஆளே அல்ல அவள். பதினோரு வருடமாக ஒரு லேப்பில் இரத்தம் எடுக்கிறாள். பிறந்து ஒரு வாரமான குழந்தையின் நூல் போன்ற நரம்பும், தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் கிழவர்களின் நரம்பும் அவள் கைக்குத் தப்பியதில்லை. மற்றவர்கள் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, அசட்டுச் சிரிப்போடு அவளைத்தான் கூப்பிட வருவார்கள். அவள் போய், மூச்சை அடக்கி, ஊசியின் முனையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரே குத்து. டியூபுக்குள் இரத்தம் ஏறிய பிறகுதான் மூச்சு விடுவாள். அந்த வேலையில் அவளுக்கு அது ஒன்றுதான் சட்டம். மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோதும் அதே சட்டத்தைத்தான் கொண்டுவந்தாள். முன்சக்கரம்தான் ஊசிமுனை, வெள்ளைக் கோடுதான் நரம்பு. தனக்குப் பின்னால் கற்றுக்கொள்ள வந்த இளையவளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். ஆமாம், இளையவளுக்கு கிளட்ச் எது, கியர் எது என்று முதன்முதலில் காட்டியதே இவள்தான். அதை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

லைசென்ஸ் அவளுக்குச் சும்மா ஆசைக்காக வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து லேப் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுக்கப்போகிறது. பின்பக்கம் குளிர்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் வந்து லேப் வாசலில் நிற்கிறது. அந்தப் பொறுப்பு தனக்கு வேண்டும் என்று முதலில் போய்க் கேட்டவள் அவள்தான். ஜன்னல் இல்லாத அறை, ஒரு ஸ்டூல், ஒரு மேஜை, சுவரில் ஒரு கடிகாரம். பதினோரு வருடமாக அந்த அறையில் அவள் பார்த்ததெல்லாம் முழங்கைகள். தெருவையும் வெயிலையும் பார்த்துக்கொண்டு, நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு யார் வீட்டு மணியையாவது அடிக்க வேண்டும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சின்னப்பிள்ளை ஆசை மாதிரி இருக்கும்.

இளையவளுக்கு இப்படி எந்தக் கனவும் கிடையாது. மூத்தவளின் இரண்டாவது தேர்வு நாளில் அவளும் "சும்மா போட்டுப் பாக்கறேனே" என்று வந்தாள். மூத்தவள் காலை ஊன்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருக்கும்போது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, கூட்டத்தில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறவள் போல அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டே எட்டைப் போட்டு முடித்தாள். முடித்துவிட்டு, "அவ்வளவுதானா சார்?" என்று வேறு கேட்டாள். யாரைப் பார்த்தும் சிரிக்காத ஆய்வாளர் அன்று சிரித்தார். வீட்டில் கணவன் சாப்பிட்டுக்கொண்டே, "பாத்தியா, அவ ஒரே தடவைல வாங்கிட்டா" என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, செய்தி சொல்வது போலத்தான் சொன்னான். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக வேண்டியதில்லை. காலையில் வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் அவளுக்கு அடிவயிறு எரிந்தது. டயர் பஞ்சராகட்டும் என்று ஒரு நாள் நினைத்தாள்; நினைத்தபின் வெட்கமாக இருந்தது; மறுநாளும் நினைத்தாள். இளையவள் கழுவிக் கவிழ்த்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவினாள். லைசென்ஸ் அட்டையில் எவருமே போலீஸ் தேடுகிற ஆள் மாதிரிதான் இருப்பார்கள், இளையவள் அதிலும் லட்சணமாக இருந்தாள். கணவனிடம் யோசனை கேட்டாள், லேப் காவலாளியிடம் கேட்டாள், கைபேசியில் யார் யாரோ எட்டு போடுவதை இருபது தடவை பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருத்தியிடம் மட்டும், எப்படிப் போட்டாய் என்று கேட்கவில்லை. கேட்பதற்கு நாலைந்து தரம் அடுக்களை வரை போனாள். போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

நாலாவது தோல்விக்கு மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் சில சமயம் கேட்கக் கூடாததைக் கேட்டு வைப்பார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருத்தர் அருமையாக வண்டி ஓட்டுகிறாராமே, காவலாளி சொன்னார், அவர் ஓட்டட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து போய் இரத்தம் எடுங்கள், முதல் தேதிக்குள் உங்களுக்கு லைசென்ஸ் வந்துவிட்டால் அவர் தேவையில்லை, வராவிட்டால் வண்டி ஓட்டும் வேலை அவருக்கு என்றார். மூத்தவள் சரி என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? அன்று மாலை செய்தியைச் சொன்னபோது இளையவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, நிஜமாகவா என்று மூன்று முறை கேட்டாள். அவள் இதுவரை எந்த வேலைக்கும் போனதில்லை.

புதிதாகச் சேருகிற யாராக இருந்தாலும் முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது லேப் விதி. ஆகவே இரண்டு நாள் கழித்து இளையவள் அந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. உதடு வெளுத்து, கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயமாம், பள்ளியில் ஒரு முறை மயங்கியே விழுந்திருக்கிறாளாம். "நீங்க குத்தினா வலிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா" என்று கையை நீட்டினாள்.

மூத்தவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள். இந்தத் தைரியசாலிக்கும் நடுங்கும் முழங்கால் உண்டு என்று பார்க்கப் பார்க்க, பல நாள் கழித்து நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. அந்தக் குளிர்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது. முழங்கை மடிப்பில் நரம்பு நீலமாக, நேராக, தடித்துத் தெரிந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். பஞ்சால் துடைத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னாள். மூச்சை அடக்கினாள். குத்தினாள்.

இரத்தம் வரவில்லை. ஊசி நரம்புக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது.

பதினோரு வருடத்தில் இப்படி ஒரு நரம்பை அவள் தவறவிட்டதே இல்லை. தெரிந்துதான் தவறவிட்டாளா? கை தானாகச் செய்ததா? கை தானாகச் செய்தது என்று மேனேஜரிடம் சொல்லலாம், கணவனிடம் சொல்லலாம். ஆனால் ஊசிமுனையை விட்டு அவள் கண் ஒரு கணமும் நகரவில்லையே, அது போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். ஊசியை வெளியே எடுத்து, அந்த இடத்தில் பஞ்சை வைத்தாள். இளையவளின் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் நீட்டிய கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"பரவால்லக்கா. இன்னொரு தடவை குத்துங்க."

மூத்தவள் புது ஊசி எடுத்து இரண்டாவது தரம் குத்தினாள். இரத்தம் டியூபுக்குள் சிவப்பாக ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இத்தனை நாள் அடுக்களை வரை போய்த் திரும்பிய கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது.

"எட்டு போடும்போது நீ எங்க பாத்த?"

இளையவள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். "சக்கரத்தப் பாக்கலக்கா. அடுத்து எங்க திரும்பணுமோ அங்க பாத்தேன். கண்ணு போற பக்கம் வண்டி தானா போயிடுது."

"நான் சக்கரத்தப் பாருன்னுல்ல சொன்னேன்."

"ஆமா. அப்படிப் பாத்து ரெண்டு தடவை விழுந்தேன். உங்ககிட்ட சொல்லல. அப்புறம் விட்டுட்டேன்."

"இத ஏன் இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?"

முதல் டியூப் நிறைந்தது. மூத்தவள் அதைக் கழற்றி இரண்டாவதை மாட்டினாள். அது பாதி ஏறியபோது இளையவள் சொன்னாள்.

"நம்ம வீட்டுல எதுவா இருந்தாலும் உங்களத்தான் கேப்பாங்க. எனக்குக் காய்ச்சல்னாகூட உங்களத்தான் கேப்பாங்க. ஒண்ணாவது எனக்குத் தெரிஞ்சு உங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு தோணுச்சுக்கா. தப்புதான். இப்ப இந்த வேலையும் வந்துடுச்சா, அதுக்கப்புறம் சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல."

தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரியும் என்பது மூத்தவளுக்குத் தோன்றியதே இல்லை. பட்டையை அவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். கையை மடக்காதே, நீட்டியே வைத்துக்கொள், இல்லாவிட்டால் கன்றிப்போகும் என்றாள். முதலில் குத்திய இடம் ஏற்கெனவே கன்றத் தொடங்கியிருந்தது. நானும் அந்த முதல் குத்தை... என்று ஆரம்பிக்க வாயெடுத்தாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். டியூப்களில் பெயர்ச்சீட்டு ஒட்டினாள், ஒட்டியதையே மறுபடி தேய்த்தாள். தப்புதான் என்று அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அதிலும் அவள் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள்.

ஐந்தாவது தேர்வு மாதக் கடைசி நாளில் வந்தது. இளையவள்தான் அழைத்துக்கொண்டு போனாள். நாளை போட்டுக்கொள்ள வேண்டிய லேப் சட்டையை அன்றே போட்டிருந்தாள். அளவு பார்க்கத்தான் என்று கேட்காமலே சொன்னாள். வழியில் இருவரும் பேசவில்லை. இன்று தேறினால் அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை இருவருமே யோசித்துக்கொண்டுதான் போனார்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மூத்தவள் வண்டியை வாங்கி ஏறி உட்கார்ந்தாள். துணைக்கு வந்தவர்கள் எல்லோரும் வாசல் பக்கத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். இளையவள் மட்டும் நிழலை விட்டுப் பிரிந்து, கம்பி வேலி ஓரமாக வெயிலில் நடந்துபோவது தெரிந்தது. எங்கே போகிறாள் என்று யோசிக்க நேரமில்லை. ஆய்வாளர் பேனாவை ஆட்டினார். மூத்தவள் கிளட்சை விட்டாள்.

முதல் வளைவு எப்போதும் போலத் தாண்டியது. எட்டின் நடுவில் கோடுகள் குறுக்கிடும் இடம் வந்தது. கண் பழக்கப்படி சக்கரத்துக்கு ஓடியது. வண்டி இடப்பக்கம் சரிந்தது. செருப்புக்குள் கால்விரல்கள் தரையைத் தேடின. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கதவைத் தூக்கி நிறுத்துவது போலக் கண்ணைத் தூக்கினாள்.

பார்க்க வேண்டிய இடத்தில் இளையவள் நின்றிருந்தாள். வளைவு திரும்பும் திசையில், வேலிக்கு அந்தப் பக்கம், கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. புதுச் சட்டையின் கைக்குக் கீழே முழங்கை மடிப்பில் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிய இடம் அத்தனை தூரத்திலும் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை. விழுந்துவிடு என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாளா, விழாதே என்றா? முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இப்போதும் அவள்தானே வழி காட்டுகிறாள் என்று மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்தபடியே அவளைப் பார்த்தாள்.

இளையவள் கம்பியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். வேலியை ஒட்டி, வண்டியின் வேகத்துக்குத் தக்கபடி மெதுவாக, வளைவு போகிற பக்கம். மூத்தவளின் கண் அவள் பின்னாலேயே போனது. கண்ணோடு தோள் திரும்பியது, தோளோடு கைப்பிடி திரும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள், இந்தப் பக்கம் ஒருத்தி இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.