ஹின்னர்க் சுட்ட மூன்று குண்டுகள்

ஹோல்டன்பெக் துப்பாக்கிக் கழகத்தில் ராஜாவாக வேண்டும் என்று யாருக்கும் ஆசை கிடையாது. வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். வருடாந்தரச் சுடும் போட்டியில் ராஜா பட்டம் வென்றவன் வெள்ளிச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வருடம் முழுக்க யார் வீட்டு விசேஷமானாலும் போய் நிற்க வேண்டும். ஊர் முழுக்கப் பியர் வாங்கி ஊற்ற வேண்டும். பச்சைக் கோட்டு போட்ட கழகத்தார் பேண்டு வாத்தியத்தோடு வீடு வரை வந்து, அவன் சுட்ட இலக்குப் பலகையை வீட்டு முகப்பில் ஆணி அடித்து மாட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் அவன் மனைவி ராணியாக நின்றாக வேண்டும். அதனால் ராஜா போட்டியன்று இந்தக் கழகத்து ஆண்கள் காட்டும் திறமையே தனி. அசிங்கப்படாமல் தோற்பதற்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும், தெரியுமா?

ஹின்னர்க் வுல்ஃபெஸுக்கு மற்றவர்களைவிட ஒரு காரணம் கூடுதல். ஐம்பத்தெட்டு வயது, கூரை வேலைக்காரர். போன நவம்பரில் மனைவி கேஷெ இரண்டு பெட்டியோடு கிளம்பிப் போய்விட்டாள். கழகத்தில் கேட்டவர்களிடம், முதுகுவலிக்குக் கடலோரச் சிகிச்சை விடுதிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அந்த விடுதியில் சாதாரணமாக மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பிவிடுவார்கள். இப்போது ஜூன் மாதம். இத்தனை நாளில் பழைய முதுகெலும்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றே மாட்டியிருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழகத் தலைவர் எகோன் மறக்காமல் விசாரிப்பார், ஹின்னர்க்கும் பரவாயில்லை, தேறி வருகிறாள் என்பார். பொய்க்குத் தீனி போட்டு வளர்த்தால் அதுவும் வீட்டு நாய் மாதிரி கூடவே வரும்.

ராஜா ஆனால் ராணியைக் காட்டியாக வேண்டும். ஆகவே ராஜா ஆகக் கூடாது. அதற்கு அவரிடம் அருமையான வழி ஒன்று இருந்தது.

ராஜா போட்டியை அந்தக் கழகத்தில் எல்லோரும் ஒரே துப்பாக்கியால்தான் சுடுவார்கள். பழைய லூகர் பிஸ்டல், ராணுவத்துக்காகச் செய்தது. அது முன்னே யார் இடுப்பில் தொங்கியது, யாரை நோக்கி நீட்டப்பட்டது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கேட்டால் பியர் கசக்கும். மேஜைமேல் வைத்தால் அழகுதான், மறுக்க முடியாது. கைப்பிடி சாய்ந்து கைக்குள் தானாக வந்து உட்காரும். ஆனால் சுட்டால் குண்டு நாலு விரல் மேலே, வலப்பக்கம் போகும். குழல் நுனியில் உள்ள குறிமுனை என்றோ வளைந்துவிட்டது. வெல்ல நினைப்பவன் இடப்பக்கம் கீழே குறி வைக்க வேண்டும், இது கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். நேராக நடுவில் குறி வைத்தால் பத்துப் புள்ளிக்குப் பதில் மூன்று குண்டுக்கும் ஏழு ஏழுதான் விழும். மானமும் போகாது, மகுடமும் வராது.

ஹின்னர்க் தன் முறை வந்ததும் காது மூடியை இறுக்கிக்கொண்டு நின்றார். இருபத்தைந்து மீட்டர் தள்ளிக் கறுப்பு வட்டம். பயமே இல்லாமல் குறி வைத்து எத்தனை காலம் ஆகிறது என்று அவருக்கே வியப்பாக இருந்தது. மூச்சை விட்டார், பாதியில் நிறுத்தினார், விசையை மெல்ல இழுத்தார். பிஸ்டலின் மேல்பாகம் மடக்கிய முழங்கால் போல எழும்பித் தாழ்ந்தது. சூடான தோட்டா ஓடு துள்ளி வந்து அவர் தொப்பியில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. சுத்தமாகச் சுட்டோம், சுத்தமாகத் தோற்றோம் என்று நிம்மதியாகப் பிஸ்டலை மேஜையில் வைத்தார்.

கடைசி ஆள் சுடும்வரை பலகையைத் திருப்பிக் காட்டுவதில்லை என்பது வழக்கம். கணக்கெடுக்கும் ஆல்முத், ஊர்த் தபால்காரி, எல்லாப் பலகைகளையும் பார்த்துவிட்டு வந்து ஹின்னர்க்கின் பெயரை வாசித்தாள். பத்து, பத்து, ஒன்பது. மொத்தம் இருபத்தொன்பது. அடுத்த இடத்தில் நின்றவருக்கு இருபத்திரண்டு.

ஹின்னர்க்குக் காது அடைத்துப்போனது. அது வளைந்த பிஸ்டலாயிற்றே என்றார். எகோன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். மார்ச் மாதக் கூட்டத்தில்தான் சொன்னார்களாம், துப்பாக்கி மெக்கானிக் குறிமுனையை நிமிர்த்திக் கொடுத்துவிட்டார், இனி நேராகச் சுடும் என்று. கூட்டத்துக்கு வந்த எல்லோரும் அதற்கேற்றபடி இன்று கவனமாகத் தள்ளிச் சுட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை எகோனைச் சமாளிக்கலாம், மொத்தக் கழகமும் கூடி கேஷெயைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது என்று பயந்து கூட்டத்துக்கு வராமல் இருந்த ஆள் ஒருவர்தான்.

சங்கிலி கழுத்தில் விழுந்தது. நல்ல கனம். வெளியே பேண்டுக்காரர்கள் தயாராக நின்றார்கள். ராணியின் பெயரைச் சொன்ன பிறகுதான் முதல் அடி அடிப்பார்கள். ஆல்முத் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது: விடுதியில் விடுப்புத் தரமாட்டார்கள். அதைச் சொல்லப் போனவருக்குத் திடீரென்று அலுத்துவிட்டது. ஏழு மாதம் சுமந்து சுமந்து தோள் போயிருந்தது.

"கேஷெ சிகிச்சைக்குப் போகல. என்னை விட்டுட்டுப் போயிட்டா. நவம்பர்லயே போயிட்டா."

ஆல்முத் பேனாவை மூடினாள்.

"தெரியும்டா," என்றார் எகோன். "அவ பெட்டிய கார்ல ஏத்தி, அவ அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டது யாருன்னு நினைக்கிற? என் வீட்டுக்காரிதான்."

"தெரிஞ்சும் வாரா வாரம் முதுகு எப்படி இருக்குன்னு கேட்டியேடா. நக்கலா?"

"மொத ரெண்டு வாரம் நக்கல்தான்." எகோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்புறம் நீயா சொல்லிடுவேன்னு கேட்டோம். கேட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாளாவது சொல்லிடுவேன்னு."

ஹின்னர்க்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகளிலும் தன் வீட்டுக் கதவைத் தட்டியவனிடம் உள்ளே ஆள் இல்லை என்று தானே குரல் கொடுத்த மாதிரி இருந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. கேஷெ போனது இப்போதுதான் முதல்முறையாக அவருக்கு வலித்தது.

ராணி இல்லாத ஊர்வலத்துக்குக் கழக விதியில் இடம் இருக்கிறதா என்று யாரோ பின்னால் முனகினார்கள். விதியைத் தூக்கி மூலையில் வை என்றாள் ஆல்முத். எகோன் கை காட்ட, பேண்டு தொடங்கியது. ஹின்னர்க் தனியாக முன்னால் நடந்தார். இடது கக்கத்தில் இலக்குப் பலகை. தெருவின் இருபுறமும் வாசலில் நின்று ஊரே கையசைத்தது. வலது கையால் எல்லோருக்கும் பதிலுக்குக் கையசைத்தபடியே போனதால், கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை.