கொஞ்சம் உப்பு

பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முடித்துவிட்டு, "புரிஞ்சிதா?" என்று கேட்பார்கள். பிள்ளைகளும் கூரை அதிர, "புரிஞ்சிதுங்க டீச்சர்" என்று கத்தும். அத்தோடு பாடம் வெற்றி! செந்தமிழ்ச்செல்வி டீச்சரும் அந்த ரகம்தான். வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் வெல்லமும் கலந்து கொடுக்க வேண்டும் என்று திங்கட்கிழமை நடத்தினாள். பிள்ளைகள் கத்தினார்கள். அவளும் நிம்மதியாகப் போய்ச் சோறாக்கினாள்.

அது எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் இருக்கிற கல்வராயன் மலைக்குப் பஸ் கிடையாது. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வழியும் கிடையாது. கச்சிராயபாளையத்து வீட்டுக்கு இறங்க முடியாமல், டீச்சர் பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையிலேயே கிடந்தாள்.

அந்த வாரமே ஒரு நாள், நாலாம் வகுப்பு பவானி வரவில்லை.

"அவ தம்பிக்கு நேத்துலேர்ந்து வயித்தால போவுது டீச்சர்," என்றான் ராஜேஷ். "நீங்க சொன்ன தண்ணிய கலக்கிக் குடுக்கணும்னு வூட்லயே கீறா."

டீச்சருக்கு முதலில் பெருமைதான் வந்தது. அந்தப் பெருமையில் கேட்டாள்: "எவ்ளோ உப்பு போடணும், சொல்லு பாப்போம்?"

"ஒரு கை டீச்சர்!"

"இன்னாடா சொல்ற?"

"நீங்கதான கொஞ்சம்னு சொன்னீங்க? மாட்டுத் தண்ணியில கொஞ்சம் போடுவோமே, அவ்ளோதானுங்க?"

வகுப்பே ஆமாம் போட்டது. டீச்சர் வீட்டில் கொஞ்சம் என்றால் விரல் நுனி. இங்கே கொஞ்சம் என்றால் கை நிறைய. ஒரு பிள்ளையையாவது கூப்பிட்டு, எங்கே கலந்து காட்டு என்று சொன்னாளா? பாவி, சொல்லவில்லையே! வற்றிக் கிடக்கிற குழந்தைக்குள் அவ்வளவு உப்பு போனால் வலிப்பு வந்து போய்ச் சேர்ந்துவிடும்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். சாமைக் கொல்லையில் கல் குத்தியது தெரியவில்லை. மாரியாத்தா, அது குடிச்சிருக்கக் கூடாது, குடிச்சிருக்கக் கூடாது என்று வாய் தானாக முனகிக்கொண்டே வந்தது.

பவானியின் அம்மா பொன்னாயி, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையிடம் அசைவில்லை. கண் குழிவிழுந்து உள்ளே போயிருந்தது. பக்கத்தில் பவானி, கையில் சொம்பும் கரண்டியுமாக.

டீச்சர் சொம்பைப் பிடுங்கி வாயில் வைத்தாள். குமட்டியது, அவ்வளவு உப்பு.

"குடுத்துட்டியாடி? சொல்லுடி, குடுத்துட்டியா?" தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இல்லீங்க டீச்சர்." பவானி மிரண்டு அழுதாள். "கண்ணீரு மாதிரி கரிக்கணும், அதுக்கு மேல கரிச்சா கொட்டிடணும்னு நீங்கதான சொன்னீங்க? தம்பியப் பாத்து அழுதுகினு இருந்தேனா, அத நக்கிப் பாத்தேன். இது ஜாஸ்தியா கரிக்குது. காலையிலேர்ந்து ஒவ்வொரு வாட்டியும் ஒரு கை போட்டுக் கலக்கிக் கலக்கிக் கொட்டிக்கினே கீறேன்."

சொல்லியிருந்தாள்தான். ஊசி போட மலைக்கு வந்த நர்ஸம்மா சொன்னதை, பாடத்தின் கடைசியில் ஒப்பித்திருந்தாள். அவளுக்கே மறந்துபோயிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவள், அடுத்த நொடியே மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்போ காலையிலேர்ந்து தம்பிக்கு இன்னா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலீங்க. சரியா வந்தாத்தான குடுக்கணும்?"

டீச்சர் ஆறின தண்ணீரை வேறு சொம்பில் ஊற்றி, வெல்லத்தைத் தட்டிப்போட்டு, விரல் நுனியால் உப்பைக் கிள்ளிப் போட்டாள். முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. பொன்னாயி வாய்விட்டு அலறினாள். டீச்சர் விடவில்லை, பிள்ளையின் தலையைத் தூக்கிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டாள். ரொம்ப நேரம் கழித்துத் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு பிள்ளை நாக்கை நீட்டி இன்னும் தேடியது.

டீச்சர் கரண்டியைப் பொன்னாயியிடம் கொடுத்தாள். தன் கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலிச் சொம்பைப் பவானியின் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"இப்ப நீ கலக்கு கண்ணு," என்றாள். "நான் பாக்கணும்."