பிறந்த அன்றே கையெழுத்திட்டவர்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்களும் சாட்சி. இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, ஆகவே அது கொஞ்சம் கூடுதல் நம்பகமான சாட்சி. சொந்தமாக ஒரு கமா கூட நான் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெம்பும் இல்லை, அதை அந்த ஒரு வாரத்தில் என் அக்கா முழுதாக உறிஞ்சிவிட்டாள்.

எல்லாம் சட்டம் போட்ட ஒரு படத்தால் வந்த வினை. அக்காவின் மகன் வீட்டு ஹாலில், அவன் மாமியார் ஒரு வம்சப் படத்தைக் கொண்டுவந்து பரிசாக மாட்டினார். அவர்கள் பக்கம் பன்னிரண்டு தலைமுறை முன்னோர்கள், ஒரு நீதிபதி, இரண்டு தளபதிகள் என்று கீழ்நோக்கி வேர் பரப்பி நின்றது. அக்கா பக்கம் ஒரே ஒரு கட்டம். அதில் அக்கா. அதற்குக் கீழே வெறும் தாள்.

"சம்பந்தியம்மா, நான் மட்டும் என்ன காளான் மாதிரி தனியா நிக்கறேன்?"

"நீங்க விவரம் சொன்னாத்தானே போட முடியும்? உங்க தாத்தாவோட அப்பா பேரே உங்களுக்குத் தெரியாதே, பாவம்."

அந்தப் 'பாவம்' தான் கெடுத்தது. அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என்னையும் சாப்பிடவிடவில்லை.

போதாக்குறைக்கு அதே வாரம் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு. நொடிக்காரர் என்று நாடே அழைக்கும் அந்தக் காலத்துக் கடிகார மேதையின் பட்டறை இப்போது அருங்காட்சியகம். அவர் செய்த ஆளுயரக் கடிகாரத்துக்கு, அவருடைய முந்நூறாவது ஆண்டு விழாவில் அவர் வாரிசு ஒருவர் சாவி கொடுக்க வேண்டுமாம். வாரிசு என்று சொல்லிக்கொள்பவர்கள் ஆவணக் காப்பகத்தின் முத்திரையோடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வரவும்.

நொடிக்காரரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் காலையில் ஜன்னலைத் திறந்த பிறகுதான் சூரியன் எழும். முந்திக்கொள்ள அதற்குத் துணிவில்லை. அவர் தும்மினால் தெருவே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். இதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது, பக்கம்தான் மறந்துவிட்டது.

அக்கா செய்தித்தாளில் இருந்த அவர் படத்தை என் முகத்தருகே பிடித்தாள். "மூக்கைப் பாருடா."

"எல்லாருக்கும் மூக்கு மூஞ்சி நடுவுலதான் இருக்கும் அக்கா."

"அஞ்சு மணி முள்ளு மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்ச மூக்கு யாருக்குடா இருக்கு? அவருக்கு இருக்கு, உனக்கு இருக்கு. கிளம்பு."

"நம்ம வீட்டுல யாராவது, எதுக்காவது, நேரத்துக்குப் போயிருக்காங்களா? நாம அவர் வாரிசுன்னா நாய் கூடச் சிரிக்கும்."

நான் சொன்னதில் தப்பில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா தன் கல்யாணத்துக்கே நான்கு நாள் தாமதமாகப் போனவர். ரகளை எதுவும் நடக்கவில்லை. பெண் ஐந்தாம் நாள்தான் வந்தாள், அவளும் சொந்தம்தான்.

புதன்கிழமை காப்பகத்துக்குப் போனோம். தரைக்குக் கீழே நீளமான அறை, இரும்பு அலமாரிகள், ஈரக் காகித வாடை. எழுத்தர் இரண்டு காதிலும் ஒவ்வொரு பென்சில் செருகிக்கொண்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் பதிவேடுகளைப் புரட்டினார். அந்த இரண்டு நாளும் அக்கா அவர் தோளுக்கு மேலே நின்று மூச்சுவிட்டாள். நான் முட்டிக்கொள்ள வாகான சுவர் தேடினேன். எல்லாச் சுவரிலும் அலமாரி.

வியாழன் மாலை எழுத்தர் தலை நிமிர்ந்தார். "வரிசை சரியா வருதும்மா. உங்க அப்பாவுல ஆரம்பிச்சு மேல போனா ஏழாவது ஆள், நொடிக்காரரோட மகன்."

அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"ஆனா முத்திரை வைக்க முடியாது. உங்க தாத்தா உங்க அப்பாவைவிட நாலு வயசு சின்னவரு."

"அதனாலதான் அப்பா பேச்சைத் தாத்தா தட்டவே மாட்டாரு," என்றாள் அக்கா.

நடந்தது இதுதான். எங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் யாரும் பதிவு செய்வதில்லை, நாளைக்குப் போகலாம் என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை வளர்ந்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ காகிதம் கேட்டால், தானே போய்ப் பதிந்துகொள்ளும். அங்கிருப்பவரும் அன்றைய தேதியையே பிறந்த தேதியாக எழுதிக்கொடுத்துவிடுவார். அப்பா இருபதாவது வயதில், வேலை கிடைத்தபோது பிறந்தார். தாத்தா ஓய்வூதியம் வாங்கப்போனபோதுதான் பிறந்தார்.

"இதைப் பாருங்க," என்றார் எழுத்தர் அழாத குறையாக. "தகவல் கொடுத்தவர் யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லார் வீட்டுலயும் அப்பா, இல்லேன்னா மாமா. உங்க வீட்டுல மட்டும் 'குழந்தை'ன்னு போட்டிருக்கு. பிறந்த அன்னைக்கே வந்து கையெழுத்தும் போட்டிருக்கு. தொழில், தச்சர்."

"கெட்டிக்காரக் குழந்தை."

"ஏழு பேரும் அப்படித்தாம்மா! மகன் பிறந்து நாலஞ்சு வருஷம் கழிச்சு அப்பா பிறக்கற வம்சத்துக்கு முத்திரை வச்சா என் வேலை போயிடும்."

அப்பாடா, வீட்டுக்குப் போகலாம் என்று நான் குடையை எடுத்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு அக்கா. போதும்."

"எனக்குக் கீழே ஒண்ணுமே இல்லைடா அந்தப் படத்துல," என்றாள் மெதுவாக. "என் மகன் தினம் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் காபி குடிக்கறான். நான் என்ன, கூரையைப் பிய்ச்சுக்கிட்டு விழுந்தவளா?"

சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம். இப்படிப் பேசினால் என்ன செய்வது? எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. குடையை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அக்கா புதிய பிடிவாதத்தோடு வந்தாள். நொடிக்காரரின் பிறப்புப் பதிவையே காட்ட வேண்டும்.

"அதை எதுக்கும்மா? அந்த மனுஷன் ஒரு நொடி தவறாதவரு. அவர் பதிவுல என்ன கோளாறு இருக்கப்போகுது?"

"எடுங்க சொல்றேன்."

காலை முழுக்க மறுத்தவர், மதியம் அக்கா தன் சாப்பாட்டை அவர் மேஜையிலேயே பிரித்ததும் ஏணியில் ஏறினார். கன்றுக்குட்டி கனத்தில் ஒரு பதிவேட்டை இறக்கினார். மாலை வரை புரட்டினார். திடீரென்று இரண்டு காதுப் பென்சிலும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன.

ஆண் குழந்தை. தகவல் கொடுத்தவர், குழந்தை. தொழில், கடிகாரம் செய்பவர். கீழே அழகான கையெழுத்து. ஓரத்தில் பழைய மையில் ஒரு குறிப்பு: 'குழந்தைக்கு நாளை திருமணம். அவசரம்.'

எழுத்தர் பென்சில்களைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷமா இங்க இருக்கேன். இத்தனை அலமாரியிலயும் கையெழுத்துப் போட்ட குழந்தைங்க மொத்தமே எட்டு. ஏழு உங்க வீடு. எட்டாவது இவரு. இதுக்கு மேல எனக்கு என்ன ஆதாரம் வேணும்?"

முத்திரை விழுந்த சத்தத்தில் தூசி எழுந்தது. மணி நான்கு ஐம்பது. அருங்காட்சியகம் எதிர்த் தெருவில். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அக்கா தலை வாரிக்கொண்டாள். எழுத்தருக்கு நன்றி சொன்னாள். வாசல்வரை வந்து, திரும்பிப்போய், இன்னொரு முறை சொன்னாள். நான் பல்லைக் கடித்ததில் கட்டிய பல் ஒன்று அசைந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து இருபது. மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்கப்போன என்னை அங்கிருந்த அதிகாரி கையமர்த்தினார்.

"எதுக்கு ஐயா பதற்றம்? எங்க ஆபீஸ் அவரோட கடிகாரப்படிதான் நடக்குது."

ஆளுயரக் கடிகாரம் நான்கு நாற்பத்தைந்து காட்டியது.

விழாவில் அக்கா சாவி கொடுத்தாள். முன்வரிசையில் சம்பந்தியம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அரை மணிக்கு மேல மெதுவா ஓடுதே, சம்பந்தி?" என்றார்.

"உங்க நீதிபதி தீர்ப்பு சொன்னதைவிட வேகம்தான்," என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இப்போது அந்த ஹாலில் புதிய படம். அக்காவுக்குக் கீழே எட்டுத் தலைமுறை இறங்கிப்போய்ச் சட்டம் தரையைத் தொடுகிறது. அதைப் பார்க்க வா, பார்க்க வா என்று தினமும் தொலைபேசியில் உயிரை வாங்குகிறாள். பதினொரு முறை பார்த்தாகிவிட்டது.

நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. உடன்பிறந்தவர் எவரும் இல்லை. இதற்கும் என் இரண்டு கண்களும் சாட்சி.