ஆறாம் மாடியில் ஊதா வெளிச்சம்

குணவதியின் புற்றுநோய் போய்விட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் கீமோ மருந்து அவள் பாதங்களில் ஓர் எரிவையும் மரமரப்பையும் விட்டுப் போயிருந்தது. படுத்தால் உள்ளங்கால் தணலில் கிடப்பதுபோல இருக்கும். கொடுத்த மாத்திரைகள் தலையைச் சுற்ற வைத்தனவே தவிர எரிவை ஆற்றவில்லை. கஞ்சா எண்ணெயைப் பற்றி முதலில் சொன்னது அவளுடைய மருத்துவர்தான். சில சொட்டுகள் நாக்குக்குக் கீழே விட்ட அன்று, பல மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை உறங்கினாள்.

அதைக் கண்ட கணவர் இராஜரட்ணம், கடை எண்ணெயின் விலை கட்டுப்படியாகாததால், தானே கஞ்சாச் செடி வளர்த்து எண்ணெய் எடுப்பது என்று தீர்மானித்தார். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்; சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு தொடர்மாடியின் ஆறாம் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். படுக்கையறை அலுமாரியிலிருந்த அவளுடைய சேலைகளைப் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டு, அங்கே நாலு சாடிகளில் செடிகளை நட்டு வைத்தார். மேலே கயிற்றில் ஓர் எல்.ஈ.டி. விளக்கைத் தொங்கவிட்டார். சிவப்பும் நீலமுமாகப் பொடிப்பொடி விளக்குகள். இரண்டு நிறமும் கலந்து அறை முழுக்க ஊதாவாகிவிடும். செடி வளர வளர விளக்கை மேலே இழுத்துக் கட்டுவார். கிட்ட இருந்தால் இலை நுனி கருகிவிடுமாம்.

"பொலிஸ் வந்தா என்னப்பா செய்யிறது?" என்று முதல் நாளே கேட்டாள் குணவதி.

"ஒரு வீட்டில நாலு செடி வளக்கலாம். இஞ்ச சட்டம் விட்டிருக்கு. நீர் பயப்பிடாதையும்."

"சட்டம் விட்டாலும் எங்கட சனம் விடாது. பிள்ளைக்கும் சொல்லாதேங்கோ."

பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருக்கும் மகள் லக்சிகா வரும் நாட்களில் விளக்கு அணையும், படுக்கையறைக் கதவு மூடியிருக்கும், செடியின் வாடையை மறைக்கச் சாம்பிராணி புகையும். "கோயில் மாதிரிக் கிடக்கு" என்று மகள் சிரிப்பாள். குணவதிக்குச் சிரிப்பு வராது.

ஒரு மாலை இருவரும் மருத்துவமனையிலிருந்து பேருந்தில் திரும்பி, வாகனத் தரிப்பிடத்தைக் கடந்து வந்தார்கள். குணவதி தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். அத்தனை ஜன்னல்களிலும் மஞ்சளும் வெள்ளையுமாக வெளிச்சம். ஆறாம் மாடியில் ஒன்று மட்டும் ஊதாவாக, கடையின் பெயர்ப்பலகைபோல எரிந்துகொண்டிருந்தது. அது தங்கள் ஜன்னல் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது.

"ஐயோ, ஊருக்கே தெரியுது."

"ஆர் அண்ணாந்து பாக்கப் போறான்? நாளைக்குத் தடிப்பான துணி ஒண்டு வாங்கிப் போடுறன்" என்றார் அவர்.

மறுநாள் காலை அந்தத் துணியை வாங்கத்தான் அவர் வெளியே போனார். அவர் போய்ச் சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"ஃபயர் அலாம் செக்!"

குணவதி கதவின் சிறு துவாரத்தால் பார்த்தாள். செம்மஞ்சள் மேலங்கி அணிந்த இருவர். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி. அலாரம் பார்க்க வருவதென்றால் கட்டடத்தார் முன்கூட்டியே லிப்டுக்குள் அறிவித்தல் ஒட்டுவார்கள். இந்த முறை அப்படி எதையும் அவள் காணவில்லை.

"மை ஹஸ்பன்ட் நோ ஹோம். யூ கம் லேட்டர்" என்றாள்.

வெளியே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கதவில் இடி விழுந்தது. இரண்டாவது இடியில் கதவுச் சட்டம் பிளந்தது. குணவதி படுக்கையறைக்கு ஓடினாள். ஓடினாள் என்று சொல்ல முடியாது. மரத்துப்போன பாதங்கள் தரையை உணராமல் இழுபட்டன. உள்ளே போய்க் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியபோதுதான், எங்கே வந்து மாட்டிக்கொண்டேன் என்று அவளுக்கு உறைத்தது. அலுமாரிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையெல்லாம் ஊதா, கட்டில் ஊதா, சுவர் ஊதா. அவர்கள் தேடி வந்தது இந்த அறையைத்தான்.

கைத்தொலைபேசி கட்டிலில் கிடந்தது. அவசர உதவிக்கு 911 ஐ அழுத்தப் போன விரல் நின்றது. பொலிஸ் வந்தால் முதலில் இந்தச் செடிகளைத்தானே பார்க்கும்? சட்டம் விட்டிருக்கிறது என்று அவர் சொன்னார்தான். ஆனால் சீருடைக்காரர் வீட்டுக்குள் வந்து நல்லது செய்ததை அவள் யாழ்ப்பாணத்தில் ஒருநாளும் கண்டதில்லை. வரவேற்பறையில் ஏதோ கண்ணாடி உடைந்தது. அவள் அழுத்திவிட்டாள். முகவரியைச் சொன்னாள். "மென் கம் இன்சைட். பிளீஸ். டமில், டமில்" என்று, தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்டுக் கிசுகிசுத்தாள்.

அப்போது கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அன்ரி, கதவைத் திறவுங்கோ. உங்களை ஒண்டும் செய்யமாட்டம்."

ஆங்கிலத்தில் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். நல்ல தமிழ். கடையில் சாமான் பையைத் தூக்கித் தருகிற பொடியங்களின் தமிழ். அன்ரி என்ற சொல்லில் ஒரு மரியாதைகூட இருந்தது.

"அன்ரி, உங்களுக்குக் கேக்குது எண்டு தெரியும். நாங்கள் உடைச்சா உங்கட மேல படும்."

செடிகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் தான் நிற்பது அவளுக்குப் புரிந்தது. தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். அலுமாரிக் கதவுகளை அகலத் திறந்துவிட்டாள். அறைக் கதவின் பூட்டைத் திருப்பிவிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"எடுத்துக்கொண்டு போங்கோ தம்பி."

இருவரும் உள்ளே வந்தார்கள். உயரமானவன் அலுமாரியைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை சொன்னான். மற்றவன் அவள் பக்கம் திரும்பினான்.

"மிச்சச் செடியெல்லாம் எங்க?"

"இவ்வளவும்தான். என்ர கால் எரிவுக்கு வளக்கிறம். எனக்குக் கான்சர் வந்தது."

அவன் அவளுடைய தலையைப் பார்த்தான். கீமோவுக்குப் பிறகு முளைத்த கட்டை மயிர். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான். உயரமானவன் விளக்கைக் கயிற்றோடு இழுத்துப் பிய்த்தான். ஊதா அணைந்து, மூடிய ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்த சாதாரணப் பகல் வெளிச்சம் அறைக்குள் வந்தது. செடிகளைப் பிடுங்கிக் குப்பைப் பைக்குள் திணித்தார்கள். தரையெல்லாம் மண்.

வெளியேறும்போது தமிழ் பேசியவன் திரும்பினான்.

"பொலிசுக்குச் சொல்லாதேங்கோ அன்ரி. எங்களுக்கு வீடு தெரியும்."

பொலிஸ் வந்து சேர்ந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். வந்த பெண் அதிகாரி சாடிகளைப் பார்த்தாள், நாலு என்று எண்ணினாள், அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "என்ன மொழியில் பேசினார்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"இங்கிலிஸ்" என்றாள் குணவதி. "இங்கிலிஸ் ஒன்லி."

கையில் துணிப்பொதியோடு உடைந்த வாசலில் இராஜரட்ணம் நின்றார். சாயங்காலம் லக்சிகா வந்து அழுதாள், பிறகு கத்தினாள். "வை டிட்ன்ட் யூ டெல் மீ, அம்மா? நான் என்ன, உங்களை ஏசவா போறன்?"

கதவு புதிதாகப் போடப்பட்டது. ஆனால் குணவதி தனியாக வெளியே போவதை நிறுத்தினாள். லிப்டில் யாராவது "அன்ரி, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டால் அவள் கணவரின் பின்னால் ஒதுங்கினாள். கீழ்வீட்டுப் பிரவீனனா? மருந்துக் கடையில் நிற்கிறவனா? கோயிலில் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தவனா? முகத்தை அவள் காணவில்லை. அதனால் எல்லா முகமும் அவனுடையதாக இருந்தது.

எண்ணெய் முடிந்தது. எரிவு திரும்பியது. இராஜரட்ணம் புதிய விளக்கு வாங்கப் போவதாகச் சொன்ன அன்று அவள் உடைந்துபோனாள்.

"வேண்டாமப்பா! அவன் தமிழில கதைச்சவன். என்னை அன்ரி எண்டவன். வீடு தெரியும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

அவர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். "ஏன் இவ்வளவு நாளும் மறைச்சனீர்?"

"உங்களிட்டச் சொன்னா நீங்கள் அவனைத் தேடிப் போவியள். பிறகு உங்களுக்கும் ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிறது?"

அவர் எழுந்து, அந்தப் பெண் அதிகாரி தந்த எண்ணை அழைத்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அங்கே இணைப்பில் சேர்த்ததும், தொலைபேசியைக் குணவதியின் கையில் கொடுத்தார்.

"வணக்கம் அன்ரி, சொல்லுங்கோ" என்றது ஓர் இளம் ஆண்குரல்.

குணவதி தொலைபேசியைக் கணவரிடம் தள்ளிவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பின்னால் வந்தார்.

"வேற ஆளைக் கேப்பம். பொம்பிளைப் பிள்ளை ஒண்டை."

காத்திருந்தார்கள். இரண்டாவதாக ஒரு பெண்ணின் குரல் வந்தது. குணவதி குழாயை விடாமலே, அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே சொன்னாள். தான் பொய் சொன்னதையும் சொன்னாள். அந்தப் பெண் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும்போது அவளுடைய குரலும் ஓரிடத்தில் தடுமாறியது.

பனி கொட்டத் தொடங்கிய காலத்தில் அதிகாரி அழைத்தாள். ஸ்காபரோவில் வேறொரு கட்டடத்தில் அதே செம்மஞ்சள் மேலங்கிகளோடு இருவர் பிடிபட்டிருந்தார்கள். தமிழ் பேசியவன் வேறொரு நகரத்துக்காரன். அவனுடைய பெயரைக் குணவதி கேள்விப்பட்டதே இல்லை. இந்தக் கட்டடத்தில் அவன் ஒருநாளும் குடியிருந்ததில்லை.

அன்றிரவு இராஜரட்ணம் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அடுத்த நாள் குணவதி தனியாகக் கீழே இறங்கப் புறப்பட்டாள். லிப்ட் திறந்தபோது உள்ளே ஒரு பொடியன் நின்றான். கதவைக் கையால் பிடித்தபடி, "வாங்கோ அன்ரி" என்றான்.

"நீங்கள் போங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுத்த லிப்டுக்காக அவள் காத்து நின்றாள்.