தரையில் வைத்த கோப்பை

ஜோர்டானில், மாதபா நகருக்குத் தெற்கே எங்கள் பங்குக்கோயில். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குடும்பம் உண்டு. மணி அடிப்பது ஒரு குடும்பம். பெரிய வெள்ளியன்று சிலுவை தூக்குவது இன்னொரு குடும்பம். காபி ஊற்றுவது நாங்கள். கூடாரத்தில் பூசை நடந்த காலத்தில் என் கொள்ளுத்தாத்தா ஊற்றினார். பிறகு தாத்தா, அப்பா. அப்பாவை அடக்கம் செய்த வாரம் அந்தப் பித்தளைக் கெண்டி என் இடது கைக்கு வந்தது.

எனக்குப் பாட வராது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. பங்கில் எனக்கென்று இருப்பது அந்தக் கெண்டி ஒன்றுதான்.

ஈராக்கிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் கோயில் மன்றத்தின் பின்னறைகளில் தங்கி ஒரு குளிர்காலம் முழுவதும் ஆகியிருந்தது. அரிசி கொடுத்தோம். போர்வை, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் கொடுத்தோம். மன்றத்தில் மெத்தை வைத்த நாற்காலிகளில் அவர்களை உட்காரவைத்தோம். ஒரு தட்டை நகர்த்தக்கூட விடவில்லை. விருந்தாளியிடம் வேலை வாங்குவது எங்களுக்கு வெட்கம்.

“வந்தவங்க இன்னும் எத்தனை நாளைக்கு விருந்தாளி?” என்று புதுச் சாமி பிரசங்கத்தில் கேட்டார். “ரொட்டி குடுத்தீங்க, சந்தோஷம். ஆளுக்கொரு பொறுப்பையும் குடுங்க. கோயில் அவங்களுதும்தானே?”

எல்லோரும் தலையாட்டினோம். யாரும் எதையும் கொடுக்கவில்லை.

சாமி விடவில்லை. அடுத்த ஞாயிறு காலை, பூசைக்கு முன்னால், மன்றத்தில் கூட்டம் என்றார். வழக்கமாகப் பூசை முடிந்துதான் காபி. கூட்டம் என்றால் காபி இல்லாமல் எப்படி? விடிவதற்குள் வறுத்து இடித்துக் காய்ச்சி, ஏலக்காய் போட்டு எடுத்துப் போனேன்.

எங்கள் காபி கசப்பு. இடது கையில் கெண்டி, வலது கையில் கோப்பை; கோப்பையின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவோம். நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

முதல் கோப்பையைச் சலீவாவுக்குக் கொடுத்தேன். ஈராக்கிகளில் மூத்தவர் அவர்தான். ஊரில் கோதுமை வியாபாரம் பார்த்தவர். இரண்டு கைகளாலும் வாங்கினார், நன்றி சொன்னார், குனிந்து கோப்பையைத் தன் காலருகே தரையில் வைத்தார்.

பக்கத்திலிருந்தவர்கள் நாற்காலியில் நிமிர்ந்தார்கள்.

எங்களில் ஒருவர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அது நிறைவேறும் என்று வாக்குக் கொடுக்கும்வரை குடிக்கமாட்டார். பெண் கேட்கவும் அப்படித்தான் வைப்பார்கள், கொலைப்பழியைத் தீர்க்கவும் அப்படித்தான். ஊற்றியவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் காது சுட்டது. “குடிங்க சலீவா. நீங்க எதுக்கு வந்தீங்களோ அது கிடைச்சாச்சு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். புன்னகைத்தார். குடிக்கவில்லை.

“கிடைச்சாச்சுன்னு சொல்றேன். குடிங்க.”

“சரி, அபூ ரக்கான்” என்றார், என் மூத்த மகன் பெயரால் என்னை அழைத்து. குடிக்கவில்லை.

என் சித்தப்பா மகன் தைசீர் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தான். “என்னடா, ரெண்டு தடவை சொல்லியும் தொடமாட்டேங்கறான்? பெருசா ஏதோ கேக்கப்போறான்.”

“என்ன கேப்பான்?”

“அவனுக்குக் கல்யாணமாகாத தம்பி ஒருத்தன் இருக்கான். உனக்குக் கல்யாண வயசுல பொண்ணு ரீமா இருக்கா. அப்புறம் என்ன?”

“வாயை மூடு.”

“மூடிக்கிறேன். உன் வாயை மூடவேண்டிய நேரத்துல நீ மூடலையே.”

சாமி பொறுப்புகளைப் பற்றிப் பேசினார். யார் காதிலும் விழவில்லை. எல்லோரும் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒலிவத் தோட்டத்தைக் கேட்பான் என்று ஒரு மூலையில் முணுமுணுத்தார்கள். அது பங்குக்குச் சொந்தம், நான் எப்படிக் கொடுப்பேன்? மணி அடித்தது. கோப்பையை அங்கேயே விட்டுவிட்டுப் பூசைக்குப் போனோம்.

பூசை முழுவதும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எழவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். சலீவா பீடத்தில் நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். கடன்பட்டவன் முகமும் இல்லை, கேட்கப்போகிறவன் முகமும் இல்லை. பெண்கள் வரிசையில் ரீமா குனிந்து எதையோ ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்வேன்?

பூசை முடிந்ததும் சலீவா நேராக மன்றத்துக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். தரையிலிருந்து கோப்பையை எடுத்தார். ஆறிப்போன கசப்பை ஒரே மடக்கில் குடித்தார். முகம் கோணியது.

குடித்துவிட்டார், இனி என் வாக்கு என்னைக் கட்டும். நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

“சொல்லுங்க. என்ன வேணும்?”

“எனக்கா? ஒண்ணும் வேண்டாமே.”

“கோப்பையைக் கீழ வெச்சீங்களே?”

“பூசைக்கு முன்னாடி எப்படிக் குடிப்பேன்? எங்க ஊர்ல நற்கருணை வாங்குறவரைக்கும் பச்சைத் தண்ணிகூட நாக்குல படாது. நீங்க ஆசையாக் குடுத்தீங்க. வேண்டாம்னு சொல்ல மனசில்லை.” எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். “ஏன், தப்பா வெச்சிட்டேனா? எங்க பக்கமெல்லாம் டீதான், இந்தக் கோப்பைப் பழக்கம் எங்க வீட்ல இல்லை.”

தைசீர் சிரிக்கத் தொடங்கினான். மன்றமே சிரித்தது. சாமி தான் இங்கே படித்துக்கொண்ட வழக்கத்தைச் சலீவாவுக்குச் சொல்லிப் புரியவைத்தார். அவர் முகம் சிவந்தது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பெரியவர்கள் கலையவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றார்கள். தெரியாமல் வைத்தார் என்பது சரி. நான் தெரிந்துதானே சொன்னேன்? கூட்டத்தில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கினால் நாளை என் பிள்ளைகள் பேச்சை யார் நம்புவார்கள்?

“ஏதாவது கேளுங்க” என்றேன்.

“போர்வை இருக்கு. எண்ணெய் இருக்கு. வேற என்ன கேக்கறது?”

“எதையாவது கேளுங்க. தயவு பண்ணி.”

அவர் மனைவி ஏதோ அவர்கள் பாஷையில் சொன்னாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு என் இடது கையைப் பார்த்தார்.

“அப்படின்னா அதைக் குடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைலேருந்து நான் ஊத்துறேன். வந்ததுலேருந்து உக்காந்து உக்காந்து வாங்கிக்கிட்டே இருக்கேன், அபூ ரக்கான். இடுப்பு செத்துப்போச்சு.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“பொண்ணைக் கேட்டிருந்தாக்கூட குடுத்திருப்பான்” என்றான் தைசீர்.

நான் சாமியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இது அவர் வேலையோ என்றுகூடத் தோன்றியது. கெண்டியைக் கீழே வைக்கப் பார்த்தேன். விரல்கள் விரியவில்லை. கடைசியில் கொடுத்தேன். சலீவா வலது கையில் வாங்கினார்.

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு, மன்றத்தில் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. நான் அங்கே உட்கார்ந்ததே கிடையாது. ஊற்றுகிறவன் உட்காரமாட்டான். சலீவாவின் மெத்தை நாற்காலி காலியாக இருந்தது. அவர் மனைவி அதைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். தைசீரிடம் முதலில் போனார். வலது கையில் கெண்டி, இடது கையில் கோப்பை. எல்லாம் தலைகீழ். ஊற்றினார். நிறுத்தவில்லை. விளிம்புவரை ஊற்றினார். அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும். குறைவாகக் கொடுத்துவிடக்கூடாது என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் நிரம்பிய கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

“என்னடா இது?” என்றான் தைசீர் பல்லைக் கடித்துக்கொண்டு. “நம்ம கோயில்ல உக்காந்திருக்கற நம்மளையே எந்திரிச்சுப் போன்னு சொல்றான். சொல்லிக்குடு அவனுக்கு.”

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். கெண்டியை என்னிடமே கொடுத்துவிட்டு இந்த நாற்காலிக்கு வந்துவிடுவார். பிறகு அவரை எழுப்பவே முடியாது. எனக்கு வேண்டியது அதுதானா? வேண்டும் என்றுதான் வாரம் முழுவதும் நினைத்திருந்தேன். இப்போது தெரியவில்லை. பாதி எழுந்தேன். எழுந்தால் கிளம்புகிறேன் என்று ஆகிவிடும். உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னிடம் வந்தார். என் கோப்பையும் நிரம்பியது, வழிந்தது, என் விரலைச் சுட்டது.

“நல்லாருக்கா பாருங்க” என்றார். “விடியறதுக்குள்ள வறுத்தேன்.”

கொஞ்சம் கருகியிருந்தது. முழுவதையும் குடித்தேன். கோப்பையை ஆட்டாமல் நீட்டினேன். இன்னும் ஊற்று என்று அர்த்தம். அவருக்கு அதுவும் தெரியவில்லை. நன்றி சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தைசீர் என்னைப் பார்த்தான். தன் கோப்பையைப் பார்த்தான். “பைத்தியக்காரக் குடும்பம்” என்று சொல்லிவிட்டுக் குடித்தான். மற்றவர்களும் குடித்தார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.