ஏழாம் நம்பர் கருவி

நாங்கள் செய்கிற வேலையைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். நாலு கிலோமீட்டர் ஆழத்தில் சுடச்சுடக் கிடக்கும் பாறைக்குள் பம்ப் வைத்துத் தண்ணீரை முட்டித் தள்ளுவோம். பாறை மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். பிறகு ஒரு கிணற்றில் விடும் தண்ணீர் அந்த விரிசல்களில் ஓடிச் சூடேறி இன்னொரு கிணறு வழியாக மேலே வரும்; அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். ஆனால் பாறை சும்மா விரியாது, கொஞ்சம் குலுங்கும். எவ்வளவு குலுங்குகிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். பச்சை விளக்கு என்றால் பம்ப் ஓடலாம், மஞ்சள் என்றால் குறைக்க வேண்டும், சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். அதைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

சுற்றுவட்டாரத்தில் ஒன்பது இடங்களில் நிலத்தின் அசைவைப் பதிவு செய்யும் கருவிகளைப் புதைத்திருந்தோம். ஏழாவதற்கு மட்டும் யாரும் இடம் தரவில்லை. பூமியைப் பிளக்க வந்த கூட்டம் என்று முகத்திலேயே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் என் அக்கா தன் வீட்டுப் பின்னறையைத் தோண்டிக்கொள்ளச் சொன்னாள். அதோடு விட்டாளா? தெருவில் வீடு வீடாகப் போய், "என் தம்பிதான் அங்க காவலுக்கு உட்கார்ந்திருக்கான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். எதிர்வீட்டு டீச்சர் எங்கள் திட்டத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டதே அக்காவின் முகத்துக்காகத்தான்.

அக்கா தையல் வேலை செய்பவள். கருவிக்கு அடுத்த அறையிலேயே மோட்டார் வைத்த பெரிய தையல் மெஷின். அவள் காலை வைத்தால் போதும், என் திரையில் ஏழாம் நம்பர் துள்ளும். ஒரு கருவி மட்டும் தனியாகத் துள்ளினால் காரணத்தை விசாரித்து, உறுதிசெய்து, பதிவேட்டில் எழுத வேண்டும். உறுதி இல்லையென்றால் பம்பைக் குறைக்க வேண்டும். அது விதி. ஆகவே துள்ளும்போதெல்லாம் அவளுக்குப் போன் போடுவேன்.

"அக்கா, மெஷின் ஓடுதா?"

"ஓடுதுடா. யூனிஃபார்ம் தைச்சிட்டிருக்கேன். உன் பாறைக்கும் ஒரு சட்டை தைச்சுத் தரவா?"

எங்கள் கேபினில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. பம்ப் இன்ஜினியருக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன சார், அக்காகிட்ட பர்மிஷன் வாங்கியாச்சா? பம்ப ஓட்டலாமா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், உள்ளுக்குள் எரியும். பதினெட்டு வருஷ அனுபவம் உள்ளவன் நான். என்னைப் போய் அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறவன் மாதிரி!

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏழாம் நம்பர் துள்ளியது. என் கை போனுக்குப் போனது. பம்ப் இன்ஜினியர் நாற்காலியைத் திருப்பி, சிரிக்கத் தயாராக என்னைப் பார்த்தான். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். பதிவேட்டில் "தையல் மெஷின், உறுதி செய்யப்பட்டது" என்று எழுதினேன். மதியத்துக்குள் இன்னும் மூன்று முறை துள்ளியது. மூன்று முறையும் அதையே எழுதினேன். கடைசி முறை யோசிக்கக்கூட இல்லை.

ஒன்றே முக்காலுக்கு ஒன்பது கருவிகளும் சேர்ந்து துள்ளின. கேபினே ஓர் ஆட்டம் ஆடியது. விளக்கு மஞ்சளுக்குப் போகாமல் நேராகச் சிவப்புக்குப் போனது. பம்பை நிறுத்தினோம், ஆனால் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. அக்காவின் தெருவுக்கு நேர் கீழே இருந்த ஒரு பழைய பிளவுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. காலையிலிருந்தே அது சின்னச் சின்னதாக அசைந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்ததால் ஏழாம் நம்பருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

எதிர்வீட்டு டீச்சர் சுற்றுச்சுவரோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். சுவர் அவர் காலின் மேல் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஓடிப்போய்க் காரைத் திறந்தேன். பின்சீட்டில் ஒரு துணிப்பை. உள்ளே அக்காவின் மெஷின் மோட்டார். அது புகைந்துபோய், ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம்தான் கொடுத்திருந்தாள். "ரிப்பேர் கடையில குடுத்துடுடா, வேலையெல்லாம் அப்படியே நிக்குது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். நான் மறந்துவிட்டேன். மோட்டார் என் காரில் கிடக்க, அதற்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, மெஷின் ஓடுகிறது என்று நான்கு முறை எழுதியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அப்போது நான் முதலில் செய்த காரியம், பையை எடுத்து யார் கண்ணிலும் படாமல் டிக்கிக்குள் தள்ளிப் பூட்டியதுதான்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட ஹாலில் விசாரணை வைத்தார்கள். அந்த இரண்டு வாரமும் அக்கா ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், டீச்சருக்குத் தலை வாரிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் டீச்சரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது அவள்தான்.

விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். பதிவேட்டில் இருந்த நான்கு வரிகளையும் நிதானமாக வாசித்தார். பிறகு அக்காவைக் கேட்டார்.

"அன்னைக்குக் காலையில உங்க மெஷின் ஓடிச்சாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க. ஓடியிருந்தா, அந்த ஆட்டத்துல நிஜ அதிர்வு மறைஞ்சிருக்கும், இவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஓடலைன்னா, இவர் எழுதினது பொய்."

அக்கா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. நீயே சொல்லிவிடேன் என்கிற பார்வை. அவள் அவசரப்படவில்லை, காத்திருந்தாள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"ஓடிச்சுங்க," என்றாள்.

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. "இவ பேச்ச நம்பித்தானே கையெழுத்துப் போட்டோம்? கடைசியில இவ மெஷினாலயே வந்துச்சு பாரு," என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல். அக்கா அசையாமல் நின்று அதை வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"பொய்ங்க," என்று எழுந்தேன். "மெஷின் ஓடல. மோட்டாரே அங்க இல்ல, என் கார்ல இருந்துச்சு. நான் போன் பண்ணிக் கேக்கல. கூட இருக்கிறவங்க சிரிப்பாங்கன்னு பண்ணல. எழுதினது அத்தனையும் பொய்."

அடிக்க வந்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். ஆனால் டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, நாற்காலிக்குப் பின்னால் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் தப்பு பண்ணார், ஒத்துக்கிட்டார். நீ என்னை வச்சுக்கிட்டே பொய் சொன்னியே. எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

"தம்பியாச்சே டீச்சர்," என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் முன்னால் நான் எழுந்திருந்தால் அவள் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே வேண்டாம். டீச்சர் சக்கரங்களைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனார். அக்கா பின்னாலேயே இரண்டடி வைத்தாள். டீச்சர் திரும்பாமலே வேண்டாம் என்று கையைக் காட்டினார்.