வெள்ளையடித்த கல்

பாஸுவின் இடுப்பு காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. புல்டோசர் இருக்கையின் ஸ்பிரிங் செத்து வருஷமாகிறது. பாறை கொடுக்கும் குலுக்கல் எல்லாம் நேரே தண்டுவடத்துக்குத்தான். அட்லஸ் மலையில் அவன் போட்ட பாதைகள் அத்தனையும் அந்த முதுகில் இருந்தன.

சர்வே ஆட்கள் முன்னால் போய், பாதையின் ஓரம் எதுவென்று காட்ட அங்கங்கே ஒரு கல்லுக்குச் சுண்ணாம்படித்து நட்டிருப்பார்கள். பாஸு வெள்ளையைப் பார்த்துப் பிளேடை இறக்குவான். மண்ணையும் கல்லையும் சேர்த்தே பள்ளத்தாக்கில் தள்ளுவான்.

அன்றைக்கு ஒரு திருப்பத்தில் இரண்டு வெள்ளைக் கற்கள் கிட்டக்கிட்ட இருந்தன. ‘சுண்ணாம்பு மிஞ்சிப்போச்சு போல’ என்று நினைத்துக்கொண்டே பிளேடை இறக்கினான். ஒரு கல் பள்ளத்தாக்கில் உருண்டு போயிற்று. அதற்குள் புல்கட்டும் அரிவாளுமாய் ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். மேல் ஊர்க்காரி, இத்தோ என்று பெயர். அவன் எஞ்சினை அணைத்தான்.

“கண்ணு அவிஞ்சு போச்சாய்யா? உனக்குத் தெரியணும்னுதானே வெள்ளையடிச்சு வெச்சேன்!”

“என்ன தெரியணும், தங்கச்சி?”

“எம் புள்ளை படுத்திருக்கான்யா. கழுதைமேல வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இங்கதான் மூச்சு நின்னுச்சு. ஒரே பனி. இங்கேயே வெச்சிட்டோம்.”

பாஸுவின் ஊரிலும் சமாதியில் பெயர் எழுதுவதில்லை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். இறங்கிப்போய்க் கையால் மண்ணை விலக்கினான். பிளேடு மேல்மண்ணைத்தான் சீவியிருந்தது. குழியை மூடிய பலகைக் கற்கள் அசையவில்லை.

மேஸ்திரி ஷெர்கி மூச்சிரைக்க ஏறிவந்தான். “என்ன பாஸு, அதுக்குள்ள டீயா?”

“குழந்தை சமாதி இருக்கு. பாதையை மலைப்பக்கம் உள்ளே தள்ளணும்.”

“உள்ளே முழுக்கப் பாறைடா! மழைக்கு முன்னாடி முடிக்கணும். ரோடு வேணும்னு ஆபீஸ் வாசல்ல உக்காந்ததே இந்தம்மாதானே!”

“ஆமா, நான்தான் கேட்டேன்,” என்றாள் இத்தோ. “எம் புள்ளைய மிதிச்சுட்டுப் போற ரோட்டையா கேட்டேன்?”

ஷெர்கி பாஸுவின் பக்கம் திரும்பினான்.

“உடையப்போறது என் இடுப்பு, உன்னுது இல்ல,” என்றான் பாஸு. “நீ சர்வே கல்லை அந்தப் பக்கம் நடு.”

“இன்ஜினியருக்கு யாரு பதில் சொல்றது?”

“பாஸுவுக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லு. பொய்யில்லையே.”

பாறை லேசில் விடவில்லை. இரவில் புரண்டு படுக்க முடியாமல் கிடந்தான். ஆனாலும் வேலை முடிந்த சாயங்காலங்களில் உருண்டுபோன அந்தக் கல்லைத் தேடிப் பள்ளத்தாக்கில் இறங்கினான். அவனே தள்ளிவிட்ட கற்களுக்கு நடுவே வெள்ளையடித்தவையும் நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து காட்டினான். இத்தோ நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்ப்பாள்.

“இது சர்வேக்காரன் கல்லு. எங்களுது ஆத்துக் கல்லு, நீலமா இருக்கும். அவங்கப்பா தோள்ல தூக்கிட்டு வந்தது.”

“வேற நல்ல கல்லா ஒண்ணு…”

“உன் புள்ளைக்குன்னா வேற வெப்பியா?”

பாதை அந்த இடத்தில் மட்டும் மலைப்பக்கம் ஒதுங்கிப் போயிற்று. புல்டோசரை ஏற்றிப்போக லாரி வந்தபோது இத்தோ வாற்கோதுமை ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“அடுத்த மலைக்குப் போறியா?”

“போறேன் தங்கச்சி.”

“அப்ப என் கல்லு?”

பாஸு பள்ளத்தாக்கைப் பார்த்தான். “பாக்கிதான்,” என்றான்.

ரொட்டியை வாங்கிக்கொண்டு ஏறினான். ஒரு கால்மாட்டுக் கல். பாஸு இத்தோவுக்கு இன்னும் அதைக் கொடுக்க வேண்டும்.